முளைக்கும் வரைதான் சூடு

டொராண்டோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழர் வீட்டுக் கொல்லைகளில் கோடைக்காலத்தில் மிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டை, பாகல், புடலை எல்லாம் காய்க்கின்றன. இவற்றில் ஒன்றுகூட இந்தக் குளிருக்கென்று பிறந்த பயிர் இல்லை. மே மாதத்தின் பிற்பகுதியில், விக்டோரியா தின விடுமுறையை ஒட்டித்தான் நாற்றைத் துணிந்து வெளியே நடலாம் என்பது இந்த ஊர்த் தோட்டக்காரர்களின் நெடுநாள் வழக்கம். அக்டோபரில் உறைபனி திரும்பி வந்துவிடும். விதை ஊன்றுவது தொடங்கிக் காய் பறிப்பது வரை எல்லாவற்றையும் இந்த இடைவெளிக்குள் முடித்துக்கொள்ள மிளகாய்க்கும் கத்தரிக்கும் நாள் போதாது. ஆகவே மார்ச் மாதத்தில், வெளியே பனி குவிந்து கிடக்கும்போதே, வீட்டுக்குள் தட்டுகளில் விதைக்கிறோம். அந்தத் தட்டுக்குச் சூடு தர வேண்டுமா, எவ்வளவு தர வேண்டும், எந்த இடத்தில், எத்தனை நாள் என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதையை அவசரப்படுத்தவே சூடு தருகிறோம் என்று பலரும் எண்ணுகிறார்கள். விதையைக் காப்பாற்றவே சூடு தருகிறோம் என்பது என் வாதம். இதை ஏற்றுக்கொண்டால், எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்ற கேள்விகளுக்கு விடை காண்பது எளிது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிங்டனும் மிஞ்சஸும் காய்கறி விதைகளின் முளைப்பைப் பற்றி 1954இல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். மண்ணின் வெப்பநிலையை ஐந்தைந்து டிகிரியாக உயர்த்திக்கொண்டே போய், ஒவ்வொரு விதையும் மண்ணுக்கு மேலே தலைகாட்ட எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது, நூற்றுக்கு எத்தனை விதை நல்ல நாற்றாகிறது என்று அளந்தார்கள். இன்றைக்கும் தோட்டக்கலைக் கையேடுகளில் திரும்பத் திரும்ப வருபவை அந்த எண்களே. மிளகாய் இனம் 15 டிகிரி செல்சியஸ் மண்ணில் வெளிவர 25 நாள் ஆனது. 20 டிகிரியில் 12, 13 நாள். 25 டிகிரியில் 8 நாள். அதற்கு மேல் 30 டிகிரிக்குப் போனாலும் ஏறத்தாழ அதே 8 நாள்தான். தக்காளிக்கு 10 டிகிரியில் 43 நாள், 15இல் 14, 20இல் 8, 25இல் 6. கத்தரிக்கு 20 டிகிரியில் 13 நாள், 30இல் 5. வெண்டைக்கு 15இல் 27 நாள், 20இல் 17, 30இல் 7. தக்காளியின் எண்களை வைத்துச் சிறு கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். 15, 20, 25 ஆகிய மூன்று வெப்பநிலைகளிலிருந்தும் ஒன்பதைக் கழித்து, மீதியை நாள் எண்ணிக்கையால் பெருக்கினால் 84, 88, 96 என்று கிட்டத்தட்ட ஒரே தொகை வருகிறது. ஒரு கீழ் வரம்புக்கு மேல் கிடைக்கும் வெப்பத்தை விதை நாள்தோறும் சேர்த்துக்கொண்டே வருகிறது. தொகை நிரம்பியதும் முளைக்கிறது. அந்தக் கீழ் வரம்பை ஒட்டிய மண்ணில் சேமிப்பு மிக மெதுவாகவே ஊறுகிறது.

இதைக் கேட்டவுடன் நியாயமான ஒரு மறுப்பு எழும். தாமதமானால்தான் என்ன? இரண்டு வாரம் முன்னதாக விதைத்துவிட்டால் சரியாகிவிடாதா? அதே அட்டவணையில் இந்த மறுப்புக்குச் சார்பான சான்றும் இருக்கிறது. அதை நான் மறைக்கப்போவதில்லை. 10 டிகிரியில் தக்காளி 43 நாள் எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு 82 விதை நல்ல நாற்றாகவே வந்தது. குளிர் மட்டும் தக்காளி விதையைக் கொல்லவில்லை என்றுதான் இதற்குப் பொருள். மிளகாய் அவ்வளவு தாங்காது. 15 டிகிரியிலேயே நூற்றுக்கு 70 ஆகக் குறைந்தது, 20 டிகிரியில் 96. ஆனாலும், பொறுத்திருந்தால் வரும் என்ற வாதத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. விதையால் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பதை அந்த அட்டவணை சொல்கிறது. அத்தனை நாள் அதை மண் விட்டுவைக்குமா என்பது வேறு கேள்வி. நம் வீட்டுத் தட்டில் விதை தனியாக இல்லை. சென்ற ஆண்டு நாற்று வளர்த்த அதே தொட்டி, அரைகுறையாகக் கழுவிய குழித்தட்டு, திறந்து வைத்திருந்த மண் மூட்டை, தினமும் ஊற்றும் தண்ணீர் எல்லாவற்றிலும் விதையைத் தின்னக் காத்திருக்கும் உயிர்கள் உண்டு.

அந்த உயிர்களில் இரண்டின் பெயரைத் தெரிந்துகொள்வது நல்லது: பித்தியம், ரைசோக்டோனியா. நாற்றழுகல் என்று நாம் சொல்லும் நோய்க்குப் பெரும்பாலும் இவையே காரணம். முளைத்து நிற்கும் நாற்று தரையை ஒட்டித் தண்டு இற்றுச் சாய்ந்து விழுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைவிட அதிகமாக நடப்பதும் அதைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் மண்ணுக்குள்ளேயே நேரும் சாவு. பத்து விதை போட்டு நான்கு முளைத்தால், விதை சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம். முளைக்காத குழியைக் குச்சியால் மெல்லக் கிளறிப் பார்த்தால் உண்மை தெரியும். சில குழிகளில் விதையுறை மட்டும் உள்ளீடற்றுக் கிடக்கும், விரலால் அழுத்தினால் கொழகொழவென்று நசுங்கும். சிலவற்றில் முளைவேர் அரை அங்குலம் நீண்டு, நுனி தேயிலைச் சாயம் போலப் பழுப்பேறி நின்றிருக்கும். இந்த விதைகள் உயிரோடுதான் இருந்தன. முளைக்கவும் தொடங்கின. மேலே வந்து சேர்வதற்குள் செத்துப்போயின.

குளிர்ந்த ஈர மண்ணில் இது ஏன் கூடுதலாக நடக்கிறது? உலர்ந்த விதைக்குள் முதல் சில மணி நேரத்தில் தண்ணீர் வேகமாகப் புகுகிறது. காய்ந்து சுருங்கியிருந்த உயிரணுச் சவ்வுகள் அப்போது மீண்டும் ஒழுங்குபட வேண்டும். அந்த ஒழுங்கு அமையும்வரை விதைக்குள்ளிருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வெளியே கசிகின்றன. எல்லா விதையிலும் கொஞ்சம் கசிவு உண்டு. சோயா, லைமா பீன்ஸ், பருத்தி போன்ற வெப்பநாட்டு விதைகள் குளிர்ந்த நீரை உறிஞ்ச நேர்ந்தால் சவ்வுகள் சரியாக அமையாமல் கசிவு மிகுகிறது. வயதான விதையிலும் அப்படித்தான். பட்டாணி விதையை நீரில் ஊறவைத்து, அந்த நீரின் மின்கடத்தும் திறனை அளந்து விதையின் வீரியத்தைக் கணிக்கும் சோதனை சர்வதேச விதைச் சோதனைச் சங்கத்தின் விதிகளில் இடம்பெற்றிருக்கிறது. அந்தச் சோதனைக்கு அடிப்படையே இந்தக் கசிவுதான். கசிந்த சர்க்கரை மண்ணில் பரவியதும், அதுவரை செயலற்றுக் கிடந்த பித்தியம் சில மணி நேரத்திலேயே விழித்துக்கொண்டு விதையை நோக்கி வளர்கிறது. ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து நான்கைந்து ஆண்டு அலமாரியில் வைத்திருந்த விதைக்குச் சூடு மிகவும் தேவை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த விதையின் கசிவும் அதிகம், நடையும் மெது.

ஆனால் நாற்றழுகல் தரும் பூஞ்சைக்கும் சூடு பிடிக்குமே, விதைக்குக் கொடுக்கும் சூடு அதையும் வளர்க்காதா என்று கேட்கலாம். என் வாதத்துக்கு எதிராக எழும் கேள்விகளில் மிக வலுவானது இது. இதற்கு விடை கண்டவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து நோயியலாளர் லீச். 1947இல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு வெப்பநிலையிலும் நாற்று எவ்வளவு வேகமாக மண்ணைவிட்டு வெளியேறுகிறது, அதே வெப்பநிலையில் பூஞ்சை எவ்வளவு வேகமாக வளர்கிறது என இரண்டையும் அளந்து ஒப்பிட்டார். நோயின் கடுமை அந்த இரண்டு வேகங்களின் விகிதத்தைப் பொறுத்தது என்று கண்டார். பூஞ்சை தனியாக எவ்வளவு செழிக்கிறது என்பது முடிவைத் தீர்மானிக்கவில்லை. பூஞ்சையோடு ஒப்பிடும்போது விதை முந்துகிறதா பிந்துகிறதா என்பதே தீர்மானித்தது. வெப்பப் பயிரான தர்ப்பூசணி குளிர்ந்த மண்ணில் அழுகிப்போனது, சூடான மண்ணில் தப்பியது. குளிர்காலப் பயிரான ஸ்பினாச் கீரையில் நேர்மாறாக நடந்தது. குளிர்ந்த மண்ணில் தப்பி, சூடான மண்ணில் அழுகியது. மண் ஒன்று, பூஞ்சை ஒன்று, முடிவு மட்டும் இரண்டு. வெப்பநிலை 25இலிருந்து 15க்கு இறங்கும்போது பூஞ்சையும் தளர்கிறது என்பது உண்மை. ஆனால் தர்ப்பூசணியும் மிளகாயும் அதைவிட அதிகமாகத் தளர்ந்துவிடுகின்றன. 8 நாளில் கடக்க வேண்டிய ஆபத்தை 25 நாளில் கடக்க வைக்கிறோம். சூடு தருவது இந்தப் பந்தயத்தில் விதையின் பக்கம் நிற்பதாகும். நாள் மிச்சமாவது கூடவே கிடைக்கும் லாபம், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு விளைவு வருகிறது. பந்தயம் மண்ணுக்குள் நடப்பதால் சூடும் மண்ணுக்குள் இருக்க வேண்டும். வீட்டில் 21 டிகிரி வைத்திருக்கிறோம், அது போதாதா என்று கேட்பவர்கள் அறையின் காற்றை அளந்து சொல்கிறார்கள். ஈரமான மண் காற்றைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,450 ஜூல் வெப்பம் வேண்டும். அதை அது மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் கனடிய வீட்டுக் காற்று மிகவும் வறண்டது. ஆகவே தட்டு வேகமாகக் காய்கிறது. திறந்து வைத்த ஒரு தட்டிலிருந்து நாளொன்றுக்கு 100 மில்லி நீர் ஆவியானால், இரவும் பகலும் இடைவிடாமல் ஏறத்தாழ மூன்று வாட் வெப்பத்தை அந்தத் தட்டு இழக்கிறது. இரண்டு மூன்று டிகிரி இறக்கம் இதில் சாதாரணம். அந்தத் தட்டைக் கொண்டுபோய் ஜன்னல் திட்டில் வைத்தால் இரவில் கண்ணாடியின் குளிர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். வீட்டுச் சுவரில் 21 என்று காட்டினாலும் விதை 16, 17இல் கிடக்கக்கூடும். ஹாரிங்டன் அட்டவணையில் மிளகாய்க்கு அந்த இடம் எது என்று பார்த்தால், இரண்டு வாரத்துக்கும் மேல்.

ஆகவே செலவில்லாத முதல் சூடு ஒரு மூடிதான். கண்ணாடித் தகடோ, ஒளி புகும் பிளாஸ்டிக் மூடியோ, பிளாஸ்டிக் தாளோ போட்டு ஆவியாவதை நிறுத்திவிட்டால் இழந்த இரண்டு மூன்று டிகிரி திரும்பிவிடும். அதற்கு மேலும் வேண்டுமானால் ஹீட் மேட். பத்துக்கு இருபது அங்குலத் தட்டுக்கு உரிய விரிப்பு 17 முதல் 20 வாட் எடுக்கும். மண்ணை அறையைவிட ஐந்து முதல் பத்து டிகிரிவரை உயர்த்தும். அறைச் சூட்டோடு இது கூடுவதால், 15 டிகிரி பேஸ்மென்ட்டில் போதுமானதாக இருக்கும் அதே விரிப்பு, 23 டிகிரி சமையலறையில் மண்ணை 33 டிகிரிக்குக் கொண்டுபோகலாம். அது கூடாது. தக்காளி விதை 30 டிகிரியில் நூற்றுக்கு 83 நல்ல நாற்றாகவும், 35இல் 46 நாற்றாகவும் குறைந்தது. 40இல் ஒன்றுமே வரவில்லை. விதையின் ஆழத்தில் நுனி படும்படி மண்ணுக்குள் செருகிய ஒரு தெர்மோமீட்டர் இல்லாமல் சூடு தருவது இருட்டில் மருந்து அளப்பதுதான். தெர்மோஸ்டாட் வைப்பவர்கள் அதன் உணர்கம்பியையும் மண்ணில்தான் புதைக்க வேண்டும். காற்றில் தொங்கவிட்டால் அது வேறெதையோ அளந்துகொண்டிருக்கும். நம் வெப்பப் பயிர்கள் எல்லாவற்றுக்கும் 25 முதல் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால் தவறிருக்காது. தட்டுக்கும் மேசைக்கும் நடுவே, விரிப்புக்கு அடியில், ஒரு தெர்மகோல் பலகை இருந்தால் சூடு கீழே வீணாகாது.

மண்ணுக்கு அடியிலிருந்து சூடேற்ற வேண்டும் என்பது மின்சாரம் கண்டுபிடித்த உண்மையும் இல்லை. கொரியாவில் 1450களில் எழுதப்பட்ட சங்கா யோரோக் என்ற நூல், குளிர்காலத்தில் காய்கறி வளர்க்க ஒரு கட்டடம் கட்டும் முறையை விவரிக்கிறது. எண்ணெய் தோய்த்த காகிதம் ஒட்டிய ஜன்னல்கள் வழியே ஒளி வரும். அந்த நாட்டு வீடுகளில் உள்ளதுபோல அடுப்பின் வெப்பம் தரைக்கு அடியில் ஓடி மண்ணைச் சூடாக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அன்னாசி வளர்க்க முனைந்தவர்கள், தோல் பதனிடும் இடங்களிலிருந்து மரப்பட்டைத் தூளை வாங்கிக் குழியில் நிரப்பினார்கள். அது மெல்ல நொதித்துப் பல வாரம் நிதானமான சூடு தந்தது. பாரிஸ் காய்கறித் தோட்டக்காரர்கள் இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். மோரோவும் தவேர்னும் 1845இல் வெளியிட்ட கையேடு அவர்களுடைய முறைகளின் பதிவு. நகரத்துக் குதிரைகளின் புதுச் சாணத்தைப் பரப்பி, அதன்மேல் மண்ணிட்டுக் கண்ணாடி மூடிய பாத்தியில் விதைப்பார்கள். முளைத்த நாற்றைப் பிடுங்கிச் சூடு குறைந்த பாத்திக்கு மாற்றுவார்கள். இந்த இரண்டாவது படியை நான் மிகவும் மதிக்கிறேன். விதைக்கு ஒரு பாத்தி, நாற்றுக்கு வேறு பாத்தி என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். கடையில் ஹீட் மேட் வாங்கும்போது நமக்குக் கிடைப்பது முதல் பாத்தி மட்டும்தான்.

நம் ஊரில் யார் விதைக்குச் சூடு காட்டினார்கள், அப்பாவும் தாத்தாவும் பாத்தியில் தூவிவிட்டுப் போகவில்லையா என்று ஒரு குரல் எப்போதும் எழும். சமவெளி மண் தானே 28, 30 டிகிரி இருக்கும் இடத்தில் யாரும் சூடு காட்ட வேண்டியதில்லை என்பது முதல் பதில். இரண்டாவது பதில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: அங்கேயும் காட்டினார்கள். நெல் விதையை ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கில் கட்டி, இருட்டறையில் ஒரு நாள் வைத்து முளைகட்டுவது உழவர் வீடுகளில் வழக்கம். கையை உள்ளே விட்டால் மூட்டை கதகதப்பாக இருக்கும். முளைக்கும் விதை மூச்சுவிடுகிறது. அதில் பிறக்கும் வெப்பம் சாக்குக்குள் அடைபட்டு மற்ற விதைகளையும் எழுப்புகிறது. இன்றைய குழித்தட்டு நாற்றங்கால்களில், தென்னை நார்க்கழிவு நிரப்பி விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீன் தாளால் மூடி, முளை தெரியும்வரை அப்படியே வைக்கிறார்கள். தெரிந்ததும் அடுக்கைப் பிரித்து நிழல்வலைக்குக் கீழே பரப்புகிறார்கள். சூட்டையும் ஈரத்தையும் அடைத்து வைப்பதற்கும், உரிய நேரத்தில் திறந்துவிடுவதற்கும் இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. மூட்டை நெல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பன்னிரண்டு மிளகாய் விதையால் அது முடியாது. மூட்டை செய்த வேலையை இங்கே நாம்தான் செய்துகொடுக்க வேண்டும். ஹீட் மேட் வாங்க விரும்பாதவர்கள் பச்சைப்பயறு முளைகட்டும் முறையையே பின்பற்றலாம். ஈரமான காகிதத் துண்டில் விதையை மடித்து, பிளாஸ்டிக் பையில் இட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துத் தினம் ஒரு முறை பார்க்க வேண்டும். முளைவேர் வெளியே எட்டிப்பார்த்ததும், அது நீளும் முன்பே, மண்ணுக்கு மாற்ற வேண்டும். முளைத்த விதையை ஊன்றும்போது பந்தயத்தின் முதல் பாதி ஏற்கெனவே வெல்லப்பட்டிருக்கும். பிரிட்ஜின் மேற்புறம் வைக்கலாம் என்று பழைய குறிப்புகள் சொல்வதை மட்டும் தெர்மோமீட்டரால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதிய பிரிட்ஜ்கள் பலவற்றில் அங்கே சூடே வருவதில்லை.

அடுத்த குற்றச்சாட்டைப் பலர் சொந்தத் தோட்டத்து அனுபவத்திலிருந்து சொல்கிறார்கள். சூட்டில் வைத்த நாற்று நோஞ்சானாகிறது, வெளுத்து நெடுநெடுவென்று வளர்ந்து ஒடிந்து விழுகிறது என்கிறார்கள். அவர்கள் பார்த்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் சூடு கொடுத்தது என்று நான் ஏற்கமாட்டேன். சூட்டை எடுக்காமல் விட்டதுதான் காரணம். விதைக்கு ஒளி இல்லாமலே தன் சேமிப்பில் வாழத் தெரியும்; சூடு அந்தச் சேமிப்பைச் செலவாக்கும் வேகத்தைத்தான் கூட்டுகிறது. வித்திலை விரிந்த நாளிலிருந்து கணக்கு வேறு. இனி அது ஒளியில் சம்பாதித்துத்தான் செலவழிக்க வேண்டும். மார்ச் மாதத்து ஜன்னலோரத்தில் சம்பாத்தியம் சொற்பம். சூடு அப்படியே தொடர்ந்தால் மூச்சுவிடும் செலவும் தண்டு நீளும் வேகமும் கூடுகின்றன. இலைக்கும் வேருக்கும் போக வேண்டியது தண்டின் நீளத்துக்குப் போய்விடுகிறது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு தண்டின் நீளத்தை எப்படி ஆள்கிறது என்பதை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வினும் ஹைன்ஸும் 1980களில் ஆராய்ந்தார்கள். இரவைவிடப் பகல் எவ்வளவு சூடோ அவ்வளவு தண்டு நீள்கிறது. இரண்டும் சமமானாலோ பகல் குளிர்ந்தாலோ குட்டையாகிறது. வணிக நாற்றங்கால்கள் இன்றும் இந்த உண்மையை வைத்து நாற்றின் உயரத்தைக் கட்டுப்படுத்துகின்றன. பாதுகாப்புக்காகவே சூடு என்ற வாதம் இங்கே தன் எல்லையையும் தானே வகுத்துக்கொள்கிறது. பந்தயம் மண்ணுக்குள் நடந்தவரை சூடு வேண்டியிருந்தது. நாற்று மண்ணைவிட்டு வெளியே வந்தபின், அதைக் காப்பாற்றுபவை ஒளியும் காற்றோட்டமும் மேல்மண்ணின் உலர்ச்சியும்தான். அந்த வேலையில் ஹீட் மேட்டுக்கும் மூடிக்கும் பங்கில்லை.

எடுக்கும் நேரத்தைச் சரியாகப் பிடிப்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. தக்காளியோ மிளகாயோ நேராக நிமிர்ந்து வெளிவருவதில்லை. தண்டு கொக்கியாக வளைந்து, முதுகால் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். தலை இன்னும் உள்ளே இருக்கும். மண்ணில் மயிரிழை போல ஒரு விரிசல், அதில் வெளிர்பச்சையாக ஒரு சிறு வளைவு தெரிந்தால், அடுத்த ஒரு நாளில் வளைவு நிமிர்ந்து வித்திலை இரண்டும் விரிந்துவிடும். ஒளி பட்ட பிறகுதான் கொக்கி நிமிர்கிறது. ஆகவே அந்த வளைவு தெரியும்போதே தட்டு விளக்குக்கு அடியில் இருக்க வேண்டும். தட்டில் ஏறத்தாழ பாதி விதை இப்படித் தலைகாட்டியதும் மூடியை எடுத்து, ஹீட் மேட்டையும் அணைத்துவிடலாம். மீதியும் வரட்டும் என்று இன்னொரு வாரம் காத்திருப்பவர்கள், வராத ஐந்துக்காக வந்த ஐந்தைக் கெடுக்கிறார்கள். இதனால்தான் ஒரே தட்டில் தக்காளியையும் மிளகாயையும் கலந்து விதைக்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஆறாம் நாள் தக்காளி நிமிர்ந்துவிடும், மிளகாய்க்கு இன்னும் சூடு வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் நியாயம் செய்ய முடியாது. தட்டு இல்லாவிட்டால் தனித்தனிக் குவளைகளில் விதைத்து, முளைத்ததை மட்டும் விரிப்பிலிருந்து இறக்கி வைக்கலாம். இறக்கிய பிறகு தக்காளிக்கு இரவில் 16, 17 டிகிரி போதும். மிளகாயும் கத்தரியும் அதைவிடச் சற்று இளஞ்சூட்டை விரும்பும். அறையின் சாதாரணச் சூடே அவற்றுக்குப் போதும்.

மின்சாரச் செலவைப் பற்றியும் கேட்பார்கள். 20 வாட் விரிப்பு நாள் முழுதும் ஓடினால் அரை யூனிட்டுக்கும் குறைவு; பத்து நாளுக்கு ஐந்து யூனிட் ஆகாது. 1,500 வாட் அறை ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓட்டும் மின்சாரத்தில் இந்த விரிப்பை மூன்று நாள் ஓட்டலாம். நாற்றுக்காக அறை முழுவதையும் சூடாக்குவதுதான் வீண்செலவு. பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். முதுகு வலிக்கு வைக்கும் மின்பையையோ மின் கம்பளியையோ ஈரத் தட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். அவை நீர் படும் இடத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. நாற்றுக்கென்றே செய்த, நீர் புகாத விரிப்பை, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் பிளக்கில் மாட்டுங்கள்.

கடைசியாக, சூடு இவ்வளவு நல்லதென்றால் எல்லா விதைக்கும் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம். லீச் கண்ட முடிவை நினைவில் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யமாட்டார்கள். லெட்டூஸ் விதை 25 டிகிரிவரை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று முளைத்தது. 30 டிகிரியில் வெறும் 12. சூடு மிகுந்தால் அந்த விதை உறக்கத்துக்குப் போய்விடுகிறது. ஈரத்தில் உறங்கும் விதை எவ்வளவு நாள் பிழைக்கும் என்பதை முன்பே பார்த்தோம். ஸ்பினாச்சும் அப்படித்தான், 15 டிகிரியில் 7 நாள், 25இல் 5 நாள் என்று அதற்குச் சூட்டால் கிடைக்கும் லாபம் இரண்டே நாள், பூஞ்சைக்குக் கிடைக்கும் லாபமோ அதைவிடப் பெரிது. கீரை என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பதெல்லாம் ஒரே குணமுடையவை என்றும் கருதிவிடக் கூடாது. முளைக்கீரையும் தண்டுக்கீரையும் கொடிப்பசலையும் வெப்பம் விரும்பிகள். அவை மிளகாய்க்கும் கத்தரிக்கும் பக்கத்தில் விரிப்பின்மேல் இருக்கலாம். லெட்டூஸ் தட்டையும் ஸ்பினாச் தட்டையும் அதே வாரத்தில், அதே வீட்டில், ஹீட்டர் படாத பேஸ்மென்ட் மூலையில் விளக்குக்கு அடியில் வைத்து விதையுங்கள். 10க்கும் 15க்கும் இடைப்பட்ட அந்தக் குளிர் அவற்றுக்குப் போதும்.